ஆராய்ச்சி மணி

மனுநீதிச் சோழன் கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை இருக்க முடியாது. பாடப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம். சேக்கிழார் அதைப் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். கன்றை இழந்த பசு அரண்மனை வாசலுக்கு வந்து மணியை அடித்தது. அரசன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். கதை சொல்கிறவர்கள் எல்லாரும் தேர்ச் சக்கரத்திலேயே கண்ணை வைத்திருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கும் அங்கேதான் கண்ணீர் வருகிறது.

எனக்கோ வயதாக ஆக, தேரைவிட மணிதான் பெரிதாகப் படுகிறது. மகனைத் தேர்க்காலில் இட்டது ஒரு துக்கத்தின் வேகத்தில் நடந்த காரியம். அது நியாயந்தானா என்றுகூட ஒருவர் வாதாடலாம். அதனால் செத்த கன்று எழுந்துவிடவில்லை. சிவபெருமானே நேரில் வந்து உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் மணியைக் கட்டியது நிதானமாக யோசித்துச் செய்த காரியம். அதன் கயிறு ஒரு பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது என்பதை நாம் கவனிப்பதில்லை. கயிற்றை இரண்டு முழம் உயர்த்திக் கட்டியிருந்தால் பசு வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கும். நமக்குக் கதையும் இல்லை, காவியமும் இல்லை.

அந்த மணிக்கு ஆராய்ச்சி மணி என்று பெயர். வந்தவர் குறை இன்னதென்று அரசன் ஆராய வேண்டும் என்பதற்காக அடிக்கும் மணி. இன்று ஆராய்ச்சி என்றவுடன் நமக்கு நினைவு வருவது வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாய்களுந்தான். சொல் ஒன்றுதான். வாயில்லாப் பிராணியின் குறையைக் கேட்பதற்கு ஒரு காலத்தில் அது பெயராக இருந்தது. அதே பிராணியைக் கட்டிவைத்து மருந்து தடவிப் பார்ப்பதற்கு இப்போது பெயராக இருக்கிறது. இந்த விசித்திரத்தை எனக்கு உறைக்க வைத்தவர் அக்காள்மடத்துக் கடற்கரையில் பாசி காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. அவருக்கு மனுநீதிச் சோழனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பாம்பனைத் தாண்டி ராமேசுவரம் போகும் சாலையில் அக்காள்மடம் வருகிறது. அதை அடுத்துத் தங்கச்சிமடம். யாத்திரிகர்கள் கால்நடையாகப் போன காலத்தை இந்தப் பெயர்கள் இன்னும் மறக்கவில்லை. என் அக்கா மகளை அழைத்துக்கொண்டு ராமேசுவரம் போனபோது அங்கே ஒரு சிநேகிதர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். வடக்கே நடந்தால் பாக் ஜலசந்திக் கடல். அலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை; குளத்துத் தண்ணீர் மாதிரி கிடக்கிறது. அதில் சதுரம் சதுரமாக மூங்கில் மிதவைகள். ஒவ்வொரு மிதவையிலும் கயிறுகள், கயிறுகளில் பாசி நாற்று. கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. நாற்றுக் கட்டுவது முதல் காயவைப்பது வரை பெரும்பாலும் பெண்களின் வேலை. முன்பு பாறைகளில் தானாக வளரும் மரிக்கொழுந்துப் பாசியை முங்கி எடுத்தவர்கள் பலர் இப்போது இந்த மிதவை வேலைக்கு வந்திருக்கிறார்கள்.

மணலில் பாசியைப் பரப்பிக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கலாம். வெயிலுக்குப் பயந்து முகத்தில் க்ரீம் தடவிக்கொண்டிருந்த என் அக்கா மகளைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. குழாயை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன தாயி, முசல் படம் போட்டிருக்கு?"

"முயலை வச்சுச் சோதனை பண்ணாமச் செஞ்சதுன்னு அர்த்தம்மா."

"முசலை வச்சு என்ன சோதனை?"

பெண் என் முகத்தைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. முயலைத் தலை மட்டும் வெளியே தெரியும்படி ஒரு பெட்டியில் மாட்டுவார்கள். ஒரு கண்ணில் மருந்தை விடுவார்கள். மற்றக் கண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா விட்டுவிடுவார்கள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் கழித்துச் சிவந்திருக்கிறதா, புண்ணாயிருக்கிறதா என்று மார்க்குப் போடுவார்கள். சோதனை முடிந்தபின் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கையிலிருந்த பாசியைக் கீழே போடவில்லை.

"கொல்றதை விடுங்கய்யா. நாங்களுந்தான் மீனைக் கொல்றோம். கண்ணுல ஊத்திப்புட்டு மூணு நாளு உக்காந்து பார்த்துக்கிட்டா இருப்பாக?"

இந்த விஷயத்தைப் பற்றி நான் எத்தனையோ படித்திருக்கிறேன். ஆட்சேபணை சொல்பவர்கள் பக்கம்பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவ்வளவையும் அந்த அம்மாள் ஒரு கேள்வியில் அடக்கிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

உடனே ஒரு வாசக நண்பர், மீன் பிடிப்பவருக்கும் மீன் தின்பவருக்கும் முயலைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்பார். மேலுக்குப் பலமாகத் தோன்றும் இந்த வாதத்தை ஒப்புக்கொண்டால், முற்றிலும் அகிம்சையைக் கடைப்பிடிக்கும் சந்நியாசியைத் தவிர வேறு யாரும் எந்தக் கொடுமையையும் கண்டிக்க முடியாது. கொடுமை செய்கிறவனுக்கு அதைவிட வசதியான தர்மம் வேறு இல்லை. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்திருக்கிறார். வயிற்றுக்காகக் கொல்வதும், முகம் பளபளப்பதற்காக வதைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதுவதும் வேறு வேறு என்று பாசிக்காரப் பெண்மணி கண்டுகொண்டார். மீன் தின்னும் எனக்கும் அந்த வித்தியாசம் தெரிகிறது. முதலாவதை விட முடியாதவன் இரண்டாவதை எதிர்க்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

அந்தப் பரிசோதனையை ஏற்படுத்தியவர்கள் அரக்கர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1933-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச்சாயம் விற்பனைக்கு வந்தது. அதைப் பூசிக்கொண்ட சில பெண்களுக்குப் பார்வை போயிற்று. ஒரு பெண் இறந்தே போனாள். பொதுமக்கள் கொதித்தார்கள். 1938-இல் உணவு, மருந்து, அழகு சாதனங்களுக்கு அங்கே புதுச் சட்டம் வந்தது. அந்த நாட்டு அரசாங்க இலாகாவில் வேலை பார்த்த ஜான் டிரெய்ஸ் என்ற நிபுணரும் அவர் சகாக்களும் 1944-இல் முயல் கண் பரிசோதனைக்கு முறை வகுத்தார்கள். அவர் பெயராலேயே அது டிரெய்ஸ் பரிசோதனை என்று வழங்குகிறது. ஆக, அதன் தொடக்கத்தில் பெண்களிடம் இருந்த இரக்கமும் உண்டு. இரக்கம் எங்கே வழி தவறியது என்பதுதான் கேள்வி.

ஏன் முயல்? விலை மலிவு. சாது. கண் பெரியது. நம்மைவிடக் குறைவாகவே கண் சிமிட்டும், கண்ணீரும் குறைவு. விட்ட மருந்து கரைந்து ஓடிவிடாமல் தங்கும். இந்தக் குணங்கள் எல்லாம் பரிசோதிப்பவருக்குச் சௌகரியமானவை. ஆனால் இவற்றாலேயே அது மனிதக் கண்ணுக்குச் சரியான பிரதிநிதி ஆகவில்லை. போதாக்குறைக்கு முயலுக்கு மூன்றாவது இமை ஒன்று வேறு உண்டு. 1971-இல் வெய்ல், ஸ்காலா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரே பொருள்களை இருபதுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிசாலைகளில் பரிசோதிக்கச் செய்து முடிவுகளை ஒப்பிட்டார்கள். ஒரு கூடத்தில் கடுமையானது என்று மார்க்கு வாங்கிய பொருள் இன்னொரு கூடத்தில் சாதாரணம் என்று வந்தது. கொடுமை ஒருபுறம் இருக்கட்டும்; கணக்கே சரியில்லை.

நம் நாட்டுக் கதையில் ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணிக்கு முக்கியமான பங்கு இருக்கிறது. 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டியத்துக்காகவே பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். 1952-இல் அவர் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டார். கலைக்காக நியமிக்கப்பட்டவர் கலையைப் பற்றி இரண்டு சொற்பொழிவு நிகழ்த்திவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பிராணிவதைத் தடுப்பு மசோதா ஒன்றைத் தனி அங்கத்தினராகக் கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் செய்யும் என்று நேரு வாக்களித்ததன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமை இடம் நெடுங்காலம் சென்னையிலேயே இருந்தது. அழகைப் பற்றி ருக்மிணி தேவிக்குத் தெரியாததை எந்த முகப்பவுடர்க் கம்பெனியும் சொல்லிவிட முடியாது. அழகுக்கும் இரக்கத்துக்கும் விரோதம் இல்லை என்பதை அவர் தம் வாழ்க்கையிலேயே காட்டிவிட்டார்.

ஆனால் சட்டத்தை ஓர் இலக்கியப் பிரதியைப் போல நிதானமாகப் படித்துப் பார்த்தேன். விமரிசனம் செய்ய வேண்டிய இடம் அதில் உண்டு. 11-ஆம் பிரிவு பிராணிகளை அடிப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, பட்டினி போடுவது என்று கொடுமைகளை வரிசையாக அடுக்கிக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அது நிர்ணயித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மூன்று பிரிவு தள்ளி, 14-ஆம் பிரிவில், பரிசோதனைகளுக்கு விலக்கு வருகிறது. தெருவில் வண்டிமாட்டை அடித்தால் குற்றம். கூடத்தில் முயலின் கண்ணைக் கெடுத்தால் ஆராய்ச்சி. இதைத்தான் எல்லாரும் குறையாகச் சொல்வார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. விலக்கு எதற்கு என்று அந்தப் பிரிவே சொல்கிறது. உடலியல் அறிவு வளர்வதற்கு, உயிரைக் காப்பதற்கு அல்லது ஆயுளை நீட்டிப்பதற்கு, துன்பத்தைக் குறைப்பதற்கு, நோயை எதிர்ப்பதற்கு. அவ்வளவுதான். பட்டியலை மறுபடியும் படித்துப் பாருங்கள். உதட்டுச் சாயம் இதில் எங்கே வருகிறது? நகப்பூச்சு எந்த நோயை எதிர்க்கிறது? சட்டத்தை எழுதியவர்கள் அழகு சாதனத்துக்கு விலக்குக் கொடுத்ததாகவே எனக்குத் தெரியவில்லை. மருந்துக்குத் திறந்த கதவு வழியாகப் பவுடரும் கூடவே நுழைந்துவிட்டது, காவற்காரர் கேட்கவில்லை. 17-ஆம் பிரிவு, தவிர்க்கக் கூடிய இடத்தில் பரிசோதனையைத் தவிர்க்கவேண்டும் என்றும்கூடச் சொல்லியிருந்தது. எழுதிய எழுத்தைப் படிப்பதற்கு நமக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

2014 மே மாதம் மருந்து, அழகு சாதன விதிகளில் 148-சி என்று ஒரு விதி சேர்ந்தது. எவரும் எந்தப் பிராணியையும் அழகு சாதனப் பரிசோதனைக்குப் பயன்படுத்தலாகாது என்பதுதான் அதன் சாரம். ஆனால், ஆயினும், தவிர என்ற ஒட்டுகள் இல்லை. சர்க்கார் நடையில் இவ்வளவு சுருக்கமாக ஒன்றைக் காண்பது அபூர்வம். அதே ஆண்டு நவம்பரிலிருந்து, பிராணிகளிடம் புதிதாகப் பரிசோதித்த அழகு சாதனங்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதும் தடையாயிற்று. 2020-இல் அழகு சாதனங்களுக்கென்று தனி விதிகள் வந்தபோதும் தடை தொடர்ந்தது. ஐரோப்பா இதற்கு ஓராண்டு முன்னால், 2013 மார்ச்சில், பிராணிகளிடம் பரிசோதித்த அழகு சாதனங்களின் விற்பனையையே நிறுத்தியிருந்தது.

சோதிக்காமல் விற்றால் லாஷ் லூர் காலம் திரும்பாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலை. மனிதத் தோலின் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்துத் தோல் போலவே படரச் செய்து அதில் தடவிப் பார்க்கிறார்கள். கசாப்புக்கூடத்தில் வேறு காரணத்துக்காக வெட்டுண்ட மாட்டின் கண்ணை வாங்கிவந்து சோதிக்கிறார்கள். ஒரு ரசாயனம் செல்லின் மரபுப் பொருளைக் கெடுக்குமா என்று அறிய, 1970-களில் புரூஸ் ஏம்ஸ் என்பவர் வகுத்த முறையில் கிருமிகளைத் தட்டில் வளர்த்துப் பார்க்கிறார்கள். அந்தத் தட்டில் ஊற்றுவது அகர். நோன்பு நாட்களில் கீழக்கரை வீடுகளில் கடல்பாசி என்று காய்ச்சிக் கட்டியாக்கிச் சாப்பிடுகிறார்களே, அதே இனத்துப் பொருள்தான். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பதும் அகரே. முயலுக்குப் பதிலாகப் பாசி வந்து நிற்கும் இந்தச் செய்தியை அக்காள்மடத்து மணலில் நின்றுகொண்டு நினைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாற்று முறைகளுக்குப் பணம் புரண்ட கதையும் சுவையானது. ஹென்றி ஸ்பைரா என்ற நியூயார்க் பள்ளி ஆசிரியர் 1980-இல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் வாங்கி, ரெவ்லான் கம்பெனியை முயல்களின் பெயரால் கேள்வி கேட்டார். ஆண்டு முடிவதற்குள் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு மாற்று முறை ஆராய்ச்சிக்காக அந்தக் கம்பெனி ஏழரை லட்சம் டாலர் கொடுத்தது. வழி தெரியாததால் அல்ல, கேட்பார் இல்லாததால்தான் அதுவரை காரியம் நடக்கவில்லை.

சரி, அந்த முயல் படத்துக்கு வருகிறேன். என் அக்கா மகள் அதைப் பார்த்துத்தான் குழாயை வாங்கியதாகச் சொன்னாள். அவள் நல்ல மனசை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சட்டமே எல்லாருக்கும் தடை போட்டுள்ள நாட்டில், இங்கேயே செய்து இங்கேயே விற்கும் ஒரு கம்பெனி இந்தப் படத்தைப் பெருமையாகப் போடுவது, ஓட்டல்காரர் தம் சாம்பாரில் விஷம் கலப்பதில்லை என்று பலகை வைப்பதைப் போலத்தான். பல நாட்டில் விற்கும் கம்பெனிக்கு அந்த அடையாளத்தில் அர்த்தம் உண்டு. சீன தேசம் 2021 வரை இறக்குமதியாகும் சாதாரண அழகு சாதனங்களுக்குக்கூடப் பிராணிப் பரிசோதனை வேண்டும் என்று வற்புறுத்தியது. இங்கே இரக்கம், அங்கே வியாபாரம் என்று நடந்தவர்கள் இருந்தார்கள். ஐரோப்பாவிலும் கதவு முழுக்கச் சாத்தியபாடில்லை. வெயிலுக்குப் பூசும் களிம்பில் சேரும் இரண்டு ரசாயனங்களை, ஆலைத் தொழிலாளரின் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பிராணிகளிடம் சோதிக்கச் சொன்னது செல்லும் என்று 2023 நவம்பரில் அங்கே ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படத்தைப் பார்த்தவுடன் கேள்வியை நிறுத்திவிட்டால் இவையெல்லாம் நம் கண்ணில் படுவதில்லை.

நம் கண்முன்னே இருக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். குழாயின் பின்பக்கம் பொடி எழுத்தில் காரகீனன் என்று ஒரு பொருள் போட்டிருந்தது. க்ரீமும் பற்பசையும் நீர்த்துப் போகாமல் கெட்டியாக நிற்பதற்காகச் சேர்ப்பது. அது இந்த மிதவையில் வளரும் கப்பாஃபைக்கஸ் என்ற பாசியிலிருந்து வருவதுதான். பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. வளர்ப்பதற்காக இங்கே கொண்டுவந்தார்கள். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986 முதல் தேசியக் கடல் பூங்காவாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றான குருசடைத் தீவில், உயிருள்ள பவளத்தின்மேல் இந்தப் பாசி படர்ந்து மூடுவதை 2008-இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். பவளம் பார்ப்பதற்குக் கல்லாகத் தோன்றினாலும் பிராணி. கூட்டங்கூட்டமாக வாழும் மிகச் சிறு பிராணி. அதற்குப் பெரிய கண் இல்லை; படம் போட்டால் யாருக்கும் பரிதாபம் தோன்றாது. ஆகவே அதைக் குழாயில் போடுவாரும் இல்லை.

பாசி வளர்க்கும் பெண்கள்மேல் நான் பழி போடவில்லை. அக்காள்மடத்தில் மிதவை கிடப்பது வடக்குக் கடலில். பல குடும்பங்களுக்கு அது சோறு. எந்தப் பாசியை எங்கே வளர்க்கலாம் என்று ஆராய வேண்டியவர்கள் அவர்களுக்கு மேலே இருக்கிறார்கள். நான் சொல்வதெல்லாம், இரக்கத்துக்கு ஒரு முத்திரை குத்தி விற்கத் தொடங்கிவிட்டால், முத்திரைக்குள் அகப்படாத உயிர்களை நாம் மறந்துவிடுகிறோம் என்பதே. முயலுக்குக் கயிற்றைத் தாழ்த்திக் கட்டியாகிவிட்டது, நல்லது. கொம்பும் இல்லாமல் காலும் இல்லாமல் கல்போல் இருக்கிற பிராணிக்கு எவ்வளவு தாழ்த்திக் கட்டுவது? அதன் சார்பில் மணி அடிக்க வேண்டியவர்கள் குழாயைக் காசு கொடுத்து வாங்கும் நாம்தான். அடுத்த முறை கடையில் முயல் படத்தைக் கண்டவுடன் திருப்தி அடைந்துவிடாமல், பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் படித்து, இது எங்கிருந்து வருகிறது, அங்கே என்ன நடக்கிறது என்று கம்பெனிக்கு ஒரு கடிதம் போடலாம். ஸ்பைரா அவ்வளவுதான் செய்தார். கொஞ்சம் உரக்கச் செய்தார்.

அன்று நடந்ததில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். "உங்க பாசிதாம்மா இதுல இருக்கு" என்று என் அக்கா மகள் சொன்னதும் அந்த அம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எங்க பாசியா?" என்று குழாயைப் பிதுக்கிக் கொஞ்சம் எடுத்துப் புறங்கையில் தடவிக்கொண்டார். கயிறும் மூங்கிலும் கீறி, உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த கை. தடவிய கையை உடனே உதறினார்.

"எரியுதுய்யா" என்றார்.

எழுந்து போய்க் கடல் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பாசியைப் பரப்பத் தொடங்கினார்.